திருவையாற்றுச் சூரியன்

அந்தமானில், மின்னி பே பகுதியில் எந்தத் தமிழ் வீட்டில் குழந்தை பிறந்தாலும், பதினாறு நாள் தீட்டு கழிவதற்குள் ஜம்புலிங்கம் அந்த வாசலில் வந்து நிற்பார். கையில் ஒரு சின்னக் காகிதச் சீட்டு இருக்கும். 'குழந்தை பிறந்த அன்று போர்ட் பிளேரில் சூரிய உதயம் ஐந்து மணி பதினெட்டு நிமிஷம். ஜாதகம் எழுத மேன்லேண்டுக்கு அனுப்பும்போது இதையும் சேர்த்து அனுப்பவும்.' அவ்வளவுதான் அதில் எழுதியிருக்கும். எழுத்து அவருடையது அல்ல, மகள் விசாலாட்சியுடையது. சீட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் குடையை விரித்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

மனுஷனுக்கு மகள் விஷயத்தில் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது அபாண்டம். அந்த ஒரு விஷயத்தில் இந்தத் தீவிலேயே தெளிந்த புத்தி உள்ள தமிழன் அவர் ஒருவர்தான். என்ன செய்வது, தெளிய வேண்டிய நேரத்தில் தெளியவில்லை.

அவர் 1951-இல் கப்பலேறி வந்தவர். சர்வே ஆபீசில் டிராப்ட்ஸ்மேன் உத்தியோகம். காட்டுக்குள் அட்டைக்கடி பட்டுச் சங்கிலி பிடித்து அளந்து வருகிறவர்களின் நோட்டைப் பார்த்து, இவர் நாற்காலியில் உட்கார்ந்து வரைபடம் போடுவார். தீவில் இவர் கால் படாத ஓடை எத்தனையோ உண்டு, கைபடாத ஓடை கிடையாது. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் 'கிழக்கு 92 டிகிரி 43 நிமிடம்' என்று மணிமணியான எழுத்தில் எழுதுவார். இருபத்தைந்து வருஷம் எழுதினார். அந்த எண்ணை நீங்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

மனைவி அன்னம்மாள் திருவையாற்றில் ஜோசியம் பார்க்கிற குடும்பத்துப் பெண். கல்யாணமாகித் தீவுக்கு வரும்போது, வெண்கலப் பானைக்குள் துணி சுற்றி ஓர் ஓலைச்சுவடிக் கட்டைக் கொண்டுவந்தாள். அதில் பன்னிரண்டு ஓலைகளில் பன்னிரண்டு ராசிக்கும் எழுத்தாணியால் கீறிய படங்கள். கீறலில் கரி தடவியிருந்தது. எத்தனை தலைமுறைக்கு முந்தியது என்று யாருக்கும் தெரியாது. மிதுனத்துக்கு, கதாயுதத்தோடு ஓர் ஆணும் வீணையோடு ஒரு பெண்ணும். மகரத்துக்கு மான் மூஞ்சி வைத்த முதலை. கும்பத்துக்கு, காலிக்குடத்தைத் தோளில் வைத்த ஆள். கன்னிக்கு, ஒரு கையில் கதிரும் ஒரு கையில் விளக்குமாகப் படகில் நிற்கும் பெண். எழுதியதைப் படிக்க ஜம்புலிங்கத்துக்குப் பொறுமை இல்லை. படங்களைத்தான் பூதக்கண்ணாடி வைத்து மணிக்கணக்காகப் பார்ப்பார்.

1956 ஆவணி பதினைந்தாம் தேதி காலை ஆறு முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரியில் விசாலாட்சி பிறந்தாள். மணியைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்து எழுதி, அன்னம்மாளின் அண்ணன் ராஜமாணிக்கத்துக்குக் கப்பல் தபாலில் அனுப்பினார்கள். ராஜமாணிக்கம் திருவையாற்றில் பேர்பெற்ற ஜோசியர். மூன்று மாதத்தில் ஜாதகம் வந்தது. சிம்ம லக்னம். ஏழாம் இடமான கும்பத்தில் செவ்வாய். கடுமையான தோஷம் என்று அடிக்கோடு போட்டிருந்தார். அன்னம்மாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவளைத் தேற்றுவதற்காக, ஜம்புலிங்கம் ஓலையில் இருந்த சிங்கத்தை அப்படியே ஜாதகத்தின் தலைப்பில் வரைந்து மஞ்சள் பூசினார். "பாரு, உன் மக சிங்கம். செவ்வாய் என்ன செய்யும்?" என்றார்.

ஒன்பது வருஷம் கழித்து அன்னம்மாள் காய்ச்சலில் போனபோது, கடைசியாகப் பேசியதும் அதைப் பற்றித்தான். "பொருத்தம் பாக்காம மட்டும் பொண்ணைக் குடுத்துடாதீங்க." அவர் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அந்த வீட்டுக்கு வெளியே அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அப்துல் குத்தூஸ். நாகூர்க்காரர். போர்ட் பிளேரிலேயே ஷாதிபூர் பக்கம் அரிக்கேன் விளக்கும் கயிறும் ஆணியும் விற்கிற கடை. 1960-இல் ஒரு நாள் விளக்குச் சிம்னி வாங்கப் போன ஜம்புலிங்கம், கடை வாசலில் ஒரு பழைய புத்தகம் பக்கம் பக்கமாக வெயிலில் காய்வதைப் பார்த்தார். மழைக்காலம் முடிந்ததும் பூஞ்சணம் போக அப்படிக் காயவைப்பது வழக்கமாம். விரிந்திருந்த பக்கத்தில் பாதி குதிரை, பாதி மனுஷன். திரும்பி நின்று தன் வாலையே குறிபார்த்து வில்லை இழுத்துக்கொண்டிருந்தான். வாலின் நுனியில் பாம்புத் தலை.

"இது தனுசு ஆச்சே!" என்றார் ஜம்புலிங்கம்.

"நாங்க இத 'கவ்ஸு'ம்போம். உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க," என்றார் குத்தூஸ்.

எழுத்தெல்லாம் அரபு. படித்தால் தமிழ். எந்தக் காலத்திலோ ஒரு மார்க்க அறிஞர் பழைய பாரசீக ஏட்டைப் பார்த்து எழுதிவைத்ததாம். வம்சத்தில் யாரோ ஒரு பக்திமான், உருவம் ஆகாது என்று எல்லா முகங்களையும் சுரண்டிவிட்டிருந்தார். முகம் போனதே தவிர, மற்றதெல்லாம் சிவப்பும் நீலமுமாக அப்படியே இருந்தது.

அன்று பிடித்த பைத்தியம் இரண்டு பேரையும் விடவில்லை. ஞாயிறு தவறாமல் ஓலைக்கட்டு ஷாதிபூருக்குப் போகும். ஜம்புலிங்கம் தொழில் தெரிந்தவர். ஆபீசில் கழித்துக் கட்டிய டிரேசிங் தாளில் ஓலைப் படத்தைக் கறுப்பு மையிலும், புத்தகப் படத்தைச் சிவப்பு மையிலும் ஒரே அளவில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். துலாமும் தராசும் கச்சிதமாகப் பொருந்தின. ஓலையின் மகரம் முதலை, புத்தகத்தின் மகரம் வெறும் ஆடு. ஓலையின் கும்பத்தான் காலிக்குடத்தோடு நின்றான், புத்தகத்தில் இருந்தவன் கிணற்றில் தண்ணீர் இறைத்தான்.

"ஒங்காளு சோம்பேறி. இருவது தலைமுறையாக் கொடத்த ரொப்பாம நிக்கிறான்," என்பார் குத்தூஸ்.

"உங்க நண்டுக்கு ஆறு கால்தான் பாய். மீதிய யார் தின்னது?" என்பார் இவர்.

கன்னியை வைத்துப் பார்த்தபோது, இரண்டு பெண்களின் கையிலும் கதிர் ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் சிவப்புப் பெண் தரையில் நின்றாள், கறுப்புப் பெண் படகில் நின்றாள். சிவப்புப் பெண்ணுக்கு முகம் இல்லாததால் கறுப்புப் பெண்ணின் முகம் அவளுக்கும் பொருந்திவிட்டது. அந்தத் தாளை மட்டும் ஜம்புலிங்கம் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனியாக வைத்துக்கொண்டார்.

படங்களுக்குக் கீழே இரண்டிரண்டு வரி எழுத்து இருந்தது. குத்தூஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டத் தொடங்கினால் ஒரு வரிக்குக் கால் மணி ஆகும். "எழுத்து கிடக்கட்டும் பாய், அடுத்த படத்தைக் காட்டுங்க," என்று இவர் அவசரப்படுத்துவார். பதினாலு வருஷம் இப்படியே போயிற்று.

1974-இல் திருநாவுக்கரசு வந்து விசாலாட்சியைப் பெண் கேட்டான். பாராடாங் தீவில் ரோடு போடுகிற முகாமில் ஓவர்சீயர். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். அளவு நோட்டைக் கொடுக்க மாதம் ஒருமுறை போர்ட் பிளேர் வருவான். ஆபீசில் கொடுக்க வேண்டியதை வீட்டில் வந்து கொடுப்பான். விசாலாட்சி தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், அவன் தாகமே இல்லாமல் இரண்டு சொம்பு குடிப்பான். ஜம்புலிங்கத்துக்கும் அவனைப் பிடிக்கும். அதனால்தான் ஜாதகத்தைக் கேட்டு வாங்கினார். அது சுத்த ஜாதகம், ஒரு தோஷமும் இல்லை. அதோடு பேச்சு முடிந்தது.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் தம்பி. ஏழுல செவ்வாய். உன் உயிருக்கே ஆபத்து."

"எனக்கு அதுல நம்பிக்கை இல்ல சார்."

"எனக்கு இருக்கேப்பா. அவ அம்மாகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

அவன் அடுத்த படகுக்கே பாராடாங் போய்விட்டான். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்து, விசாலாட்சி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். திரியைத் தூண்டியபடி, அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"அப்பா, மாமா ஊர்ல இப்ப இன்னும் வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும், இல்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அங்க விடியறதுக்கு ரொம்ப முந்தியே இங்க விடிஞ்சிடும்னு ஸ்கூல்ல மாஸ்டர்ஜி சொல்லுவார். நான் பொறந்தது இங்கதானேப்பா. ஜாதகம் எழுதறப்போ மாமா அதப் பாத்திருப்பாங்களா?"

"முப்பது வருஷமா ஜாதகம் எழுதறவருக்கு நீ பாடம் எடுக்காதே. போய் சாதத்தை இறக்கு."

அவள் போய் இறக்கினாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பதினெட்டு வயசுப் பெண் தனக்குப் பிடித்தவனை வேண்டும் என்று கேட்பதற்கு அந்த வீட்டில் வேறு என்ன வழி இருந்தது? தெரிந்த பூகோளத்தைச் சொல்லிக் கேட்டாள். தீவின் பூகோளத்தையே கையால் வரைந்த மனுஷனுக்கு அது காதில் விழவில்லை.

அடுத்த தை மாதம் ராஜமாணிக்கமே ஓர் இடம் பார்த்தார். மன்னார்குடியில் ரைஸ் மில் கணக்கர். அவனுக்கும் ஏழில் செவ்வாய். தோஷத்துக்குத் தோஷம் சரியாகிவிடும் என்று எழுதினார். ஜம்புலிங்கம் மகளைக் கப்பலில் கூட்டிப்போய் ஒரு குறையும் வைக்காமல் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். பதினோரு மாதம். மஞ்சள் காமாலையில் அந்தப் பையன் செத்துப்போனான். இவருக்குத் தந்தி வந்து, கப்பல் கிடைத்து, போய்ச் சேர்வதற்குள் காரியம் எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த மாமியார்க்காரி வாசலிலேயே நின்றுகொண்டு, "செவ்வாய்க்குச் செவ்வாய் சேர்த்தும் முழுங்கிட்டாளே, ஒங்க மகளக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க," என்றாள்.

விசாலாட்சி பத்தொன்பது வயதில் வெறும் நெற்றியோடு மின்னி பேக்குத் திரும்பினாள். அழவே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "என் பார்வை வேண்டாம்ப்பா. அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆயிடும்," என்பாள். ஒரு நாள் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரு நல்லவருப்பா. என் கட்டம்தான் அவரத் தின்னுடுச்சு." அவரும் அப்படித்தான் நம்பினார்.

ஷாதிபூர் போவது நின்றது. ஒன்றரை வருஷம் பார்த்துவிட்டு, 1977 ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குத்தூஸ் குடையோடு நேரில் வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். "மெட்ராஸ்லேர்ந்து புதுக் கண்ணாடி வந்திருக்கு. இப்ப எளுத்தெல்லாம் யானை யானையாத் தெரியுது. வாங்க, படத்துக்குக் கீள என்ன இருக்குன்னு படிச்சுக் காட்டுறேன். மனசு கொஞ்சம் மாறும்." நல்ல எண்ணத்தில்தான் கூப்பிட்டார், பாவம்.

தகரக் கூரையில் மழை கொட்டியது. குத்தூஸ் வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தார். அசது என்கிற சிங்கத்தின் பக்கம் வந்தது. முதுகில் சூரியனைச் சுமந்த, முகமில்லாத சிங்கம். விரலை ஓட்டிப் படித்தார்.

"'இவ்வூரில் அசது எழும்பும் நாழிகையில், கீழைக் கடல் தாண்டிய தீவுகளில் சும்புலா எழும்பிவிடும். ஆகையால் பிறந்த தலத்தின் உதயம் அறிந்தே சொல்லுக.' சும்புலான்னா ஒங்க கன்னி." குத்தூஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, இது தெரியாம நாங்க பட்ட பாடு! நா வந்த மொத வருசம் நோம்பு இதே மாதிரி மழையில வந்துச்சு. நாகூர்லேர்ந்து கொண்டாந்த நேர அட்டையச் செவுத்துல ஒட்டி வச்சு, கதவ அடச்சுக்கிட்டு, விடியறதுக்குள்ள முடிக்கணுமேன்னு சஹர் சாப்புட்டோம். பத்து நாளு கழிச்சு ஒரு மலபார் மொதலாளி வந்து பாத்துட்டு, அரே பாய், விடிஞ்சு முக்கா மணியாச்சு, என்ன தின்னுக்கிட்டு இருக்கீங்கன்னாரு. பத்து நோம்பையும் திரும்பப் புடிச்சோம்."

ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்தார். திருவையாறு எழுபத்தொன்பது டிகிரி ஆறு. போர்ட் பிளேர் தொண்ணூற்றிரண்டு நாற்பத்து மூன்று. கழித்தால் பதின்மூன்று டிகிரி முப்பத்தேழு. டிகிரிக்கு நாலு நிமிஷம். ஐம்பத்து நாலு நிமிஷம்.

பென்சில் நின்றது. ஆஸ்பத்திரி ஜன்னல் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. 'உதயத்துக்கு மேல் ஒன்றேகால் நாழிகை' என்று ராஜமாணிக்கம் தன் ஊர்ச் சூரியனை வைத்து எழுதியிருந்தார். அரை மணி நேரம். ஆனால் அன்று காலையில் வெயில் ஏறித் தொட்டிலில் விழுந்து, குழந்தையின் கண் கூசுகிறது என்று அன்னம்மாள் முந்தானையைப் பிடித்து நிழல் கட்டினாளே! அது விடிந்து அரை மணி நேர வெயிலா? ஒன்றரை மணி நேரத்து வெயில் அல்லவா? மூன்றரை நாழிகை. சிங்கம் எழுந்து போயே போய்விட்டது. மகள் பிறந்தபோது கிழக்கே நின்றது, படகில் நிற்கிற அந்தப் பெண். கன்னியில் இருந்து எண்ணினால் கும்பம் ஏழு அல்ல, ஆறு. தோஷம் இல்லை. பிறந்த அன்றும் இல்லை, திருநாவுக்கரசு வந்து நின்ற அன்றும் இல்லை.

இவர் அதையெல்லாம் சொல்லி முடித்தபோது குத்தூஸ் புதுக் கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தை மூடினார். "பளைய பொஸ்தகம். தப்பா எளுதியிருப்பாங்க. நா தப்பாப் படிச்சிருப்பேன்."

"சூரியன்ல என்ன தப்பு இருக்கும் பாய்? தினம் என் கையால எழுதற எண்ணு அது."

"புள்ளைகிட்ட சொல்லாதீங்க. ஒங்க மூஞ்சிய அது ஆயுசுக்கும் பாக்காது."

"அவ புருஷனை முழுங்கினவன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கா பாய். அத விடவா?" எழுந்து குடையை எடுத்தார். வாசலில் திரும்பி நின்றார். "நீங்க நோன்பைத் திரும்பப் புடிச்சீங்க. நான் எதத் திரும்பப் புடிப்பேன்? உங்க தனுசு தன் வாலையே குறி பாக்கறான்னு எத்தனை ஞாயித்துக்கிழமை சிரிச்சேன்."

குடையை விரிக்காமலே வீட்டுக்கு நடந்தார். மூன்று மணி இருக்கும். அடுப்பில் உலை கொதிக்க, விசாலாட்சி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் துவட்டாமல், பெட்டியில் இருந்து ஜாதகத்தையும் அந்த டிரேசிங் தாளையும் எடுத்து அவள் முன்னால் விரித்தார். ஒரு பக்கம் தான் மஞ்சள் பூசிய சிங்கம், ஒரு பக்கம் படகில் நிற்கும் பெண். எதையும் மறைக்கவில்லை. டிகிரியைச் சொன்னார், நிமிஷத்தைச் சொன்னார், அன்னம்மாள் முந்தானையால் நிழல் கட்டியதைச் சொன்னார். திருநாவுக்கரசைத் தேவையே இல்லாமல் திருப்பி அனுப்பியதையும் தன் வாயாலேயே சொன்னார். அவனுக்கு இப்போது பாராடாங்கில் பெண்டாட்டி, ஒரு குழந்தை. சொல்லிவிட்டு, அடிக்கு முதுகைக் காட்டுகிறவர் மாதிரி குனிந்து உட்கார்ந்தார்.

விசாலாட்சி முறத்தைக் கீழே வைத்தாள். அரிசியை உலையில் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். திருநாவுக்கரசு பேரைச் சொல்லி ஏதாவது கேட்பாள், கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"சொல்லும்மா."

"அப்ப அவரு செத்தது என்னால இல்லையாப்பா?"

"இல்லம்மா. உன்னால இல்ல. சத்தியமா உன்னால இல்ல."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு வந்த அழுகையில் பக்கத்து வீட்டார் ஓடிவந்து வாசலில் நின்றார்கள். ஒன்றரை வருஷத்து அழுகை. ஜம்புலிங்கம் அவளைத் தொடப் பயந்து, எதிரே கையைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார்.

அழுது ஓய்ந்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளில் இருந்து கண்ணை எடுக்காமல் மெல்லச் சொன்னாள். "நான் அன்னைக்கே கேட்டேனேப்பா."

மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தச் சாயங்காலம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. விளக்கு, திரியைத் தூண்டிய விரல், மாஸ்டர்ஜி.

"ஆமா, நீ கேட்டேம்மா," என்றார். "நான்தான் போய் சாதத்தை இறக்குன்னு சொன்னேன்."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்து தணலில் சீறியது. விசாலாட்சி எழுந்து போய் அதை இறக்கினாள்.